மொழி மாறும் நிரல்கள்

இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் வரலாற்றில் 1974-ஆம் ஆண்டு ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அவ்வாண்டில்தான் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் வெளிநாட்டிற்கான தன் முதற்பணியை மேற்கொண்டது. அப்பணி புதிய கண்டுபிடிப்பு எதனையும் வேண்டி நின்றதன்று. மருத்துவமனைக் கணக்குகளுக்கான நிரல்தொகுதி ஒன்று, அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனத்தார் செய்த நடுத்தரக் கணிப்பொறிகளுக்கென எழுதப்பட்டிருந்தது. அதனை அதே நிறுவனத்தாரின் சிறு கணிப்பொறிகளில் இயங்குமாறு மாற்றித் தர வேண்டும். மூல நிரலும் கோபால் மொழியில் இருந்தது. மாற்றப்பட்ட நிரலும் கோபால் மொழியிலேயே அமைய வேண்டும். ஆயினும் ஓர் இடர்ப்பாடு. பணி நடைபெற்ற பம்பாயில் அவர்களிடம் இருந்தது பர்ரோஸ் கணிப்பொறி அன்று, பிரிட்டனின் ஐ.சி.எல். நிறுவனம் செய்த 1903 என்னும் கணிப்பொறி.

மூன்று இயந்திரங்களும் மூன்று வகையின. பர்ரோஸின் நடுத்தரப் பொறிகள் எண்களைப் பதின்ம இலக்கங்களாகவே வைத்துக் கணக்கிடுவன. நினைவகத்தின் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே சுட்டும் ஆற்றல் உடையன. அதன் சிறு பொறிகளோ நிலையான ஆணைத் தொகுதி இன்றி, ஒவ்வொரு நிரல்மொழிக்கும் தனியே ஓர் உள் ஆணைத் தொகுதியை ஏற்றிக்கொண்டு இயங்குவன. ஐ.சி.எல். பொறி 24 இருமக் கூறுகளைக் கொண்ட சொல்லொன்றில் நான்கு எழுத்துகளை அடக்குவது. ஒரே மொழியின் இரு கிளைகளுக்கு இடையே, இரண்டிற்கும் தொடர்பற்ற மூன்றாவது இயந்திரத்தில் அமர்ந்து, நம் பொறியாளர்கள் அம்மாற்றத்தைச் செய்து முடித்தனர்.

நிரல்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்கு மாற்றும் பணியைப் பலர் எழுத்தர் வேலை என்றே கருதி வந்துள்ளனர். இன்றும் அவ்வெண்ணம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், வரி, இரயில்வே என்று மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் துறைகள் பலவற்றில் பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் இன்னும் இயங்கி வருகின்றன. அவற்றை எழுதியவர்களுள் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டனர். இந்நிரல்கள் புதிய மொழிகளுக்கு மாறும்போது என்ன நேருகின்றது, எங்கே பிழை நுழைகின்றது, அதனைத் தடுப்பது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே மொழி என்னும் கனவு

நிரல் என்பது கணிப்பொறிக்கு இடப்படும் ஆணைகளின் வரிசை. நிரல்மொழி என்பது அவ்வாணைகளை மனிதர் எழுதுவதற்கேற்ற வடிவம். அவ்வடிவத்தை இயந்திரத்தின் எண் மொழிக்குப் பெயர்க்கும் நிரலுக்குத் தொகுப்பி என்று பெயர். 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழுவினர் அறிவியல் கணக்குகளுக்கென ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டனர். வணிகக் கணக்குகளுக்கென ஒரு பொது மொழி வேண்டும் என்று 1959-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கூடிய குழுவினர் வகுத்ததே கோபால் மொழி. தமிழில் எழுதும்போது இது நண்பர் ஒருவரின் பெயர்போலத் தோன்றுவது நமக்கு மட்டுமே உரிய வேடிக்கை.

கோபாலின் நோக்கம் பெரிது. எந்த நிறுவனத்தின் கணிப்பொறியாயினும் ஒரே நிரல் இயங்க வேண்டும் என்பதே அது. 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே கோபால் நிரல், சிறு மாறுதல்களுடன், ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியிலும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் யூனிவாக் பொறியிலும் இயக்கிக் காட்டப்பட்டது. ‘சிறு மாறுதல்களுடன்’ என்னும் அச்சொற்களில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. ஒவ்வொரு நிறுவனத்தாரும் தம் பொறிக்கு ஏற்பச் சில சலுகைகளைச் சேர்த்தனர், சிலவற்றை விட்டனர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, ஒரே நிறுவனத்தின் இரு பொறிகளுக்கு இடையேயும் மாற்றுவோர் தேவைப்பட்டனர்.

இயந்திரமே விடைபெறும் நிலையும் உண்டு. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்த் தன் பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள இசையாத ஐ.பி.எம். நிறுவனம் 1978-இல் இந்தியாவை விட்டு நீங்கியது. அது விட்டுச்சென்ற பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பைப் பொதுத்துறை நிறுவனமான சி.எம்.சி. ஏற்றது. பொறியைப் பராமரிக்க ஆள் கிடைத்தாலும், அது தேய்ந்து ஓயும் நாளில் அதற்கென எழுதப்பட்ட நிரல் என்னாகும் என்னும் கேள்வி எஞ்சி நிற்கும். பொறி உரிமையாளருடையது, நிரல் பயன்படுத்துவோருடையது. ஆனால் நிரலின் ஆயுள் பொறியின் ஆயுளோடு பிணைக்கப்பட்டிருந்தது.

எண்களில் ஒளிந்திருக்கும் பொருள்

வாசகர்கள் ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ரூ.10,400 இருப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டி. ஒரு மாத வட்டி என்ன? தொகையை 8.5-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் 73.6666 என்று தொடரும் எண் கிடைக்கும். ரூபாயையும் பைசாவையும் மட்டும் வைக்க வேண்டும். கோபால் மொழியில், ‘ரவுண்டட்’ என்று வெளிப்படையாகக் கேட்டாலன்றி, எஞ்சிய இலக்கங்கள் வெட்டப்பட்டுவிடும். விடை ரூ.73.66. இதே கணக்கைப் புதிய மொழி ஒன்றில் எழுதுபவர், பைசாவுக்கு முழுதாக்கும் வழக்கமான சார்பைப் பயன்படுத்துவார். விடை ரூ.73.67.

ஒரு பைசாதானே என்று தோன்றலாம். இலட்சம் கணக்குகளில் மாதந்தோறும் ஒரு பைசா மிகுந்தால் ஆண்டில் ரூ.12,000 வேறுபாடு. அத்தொகையினும் பெரிய தொல்லை, பேரேட்டின் கூட்டுத்தொகை பொருந்தாமற் போவது. பொருந்தாத பேரேட்டை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கு அலுவலரும் கையொப்பமிடமாட்டார்.

இடைநிலை விடைகளில் நேரும் வேறுபாடு இதனினும் பெரிது. மேற்கண்ட கணக்கில் பெருக்கலை முதலிற் செய்யாது, 8.5-ஐ 1200-ஆல் வகுத்து, அதனை நான்கு பதின்ம இடங்கள் மட்டுமே உள்ள புலத்தில் வைத்தால் 0.0070 என நிற்கும். அதனால் ரூ.10,400-ஐப் பெருக்கினால் வட்டி ரூ.72.80. கணித முறையில் இரண்டும் ஒரே வாய்பாடு; காசில் 86 பைசா குறைவு. பழைய நிரல் எவ்வாறு செய்ததோ அவ்வாறே புதியதும் செய்ய வேண்டும். அது தவறான முறையாக இருந்தால், அதைத் திருத்துவது தனியொரு முடிவு. அம்முடிவை எடுக்கும் உரிமை துறைக்கு உண்டே தவிர நிரலாளருக்கு இல்லை.

கோபால் மொழி எண்களைப் பதின்ம இலக்கங்களாக வைக்க வல்லது. சி, ஜாவா போன்ற மொழிகளில் பின்ன எண்களுக்கு எளிதிற் கிடைக்கும் வகை இரும மிதவைப் புள்ளி எண். பத்தில் ஒரு பங்கை இரும முறையில் முடிவுறும் எண்ணாக எழுத இயலாது. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் எழுத இயலாதது போன்றே. ஆகவே 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பதினேழாவது பதின்ம இடத்தில் ஒரு 4 வந்து நிற்கும். பணக் கணக்குகளை இவ்வகையில் மாற்றுவது பெரும் பிழை. ஜாவாவில் இதற்கெனத் தனியான பதின்ம எண் வகை உண்டு. அதைப் பயன்படுத்தினால் நிரல் வரிகள் நீளும் என்பதால் சிலர் தவிர்க்கின்றனர். பைசாவையே அலகாகக் கொண்டு முழு எண்களில் கணக்கிடுவது இன்னொரு நல்ல வழி.

எதிர்ம எண்களிலும் கவனம் வேண்டும். மைனஸ் 7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் ஃபோர்ட்ரானிலும் சி மொழியிலும் மைனஸ் 3 கிடைக்கும். பைத்தான் மொழியின் முழு எண் வகுத்தலில் மைனஸ் 4 கிடைக்கும். ஊதியப் பட்டியலில் பிடித்தம், திரும்பப் பெறுதல் ஆகியவை எதிர்ம எண்களாக வருவன என்பதை நினைவிற் கொள்க.

இனி, தவறுபோலத் தோன்றி உண்மையில் தவறல்லாத ஒன்று. கோபாலில் ஐந்திலக்க எண்ணான 12345-ஐ நான்கிலக்கப் புலத்திற்கு ‘மூவ்’ ஆணையால் நகர்த்தினால் முதல் இலக்கம் உதிர்ந்து 2345 மட்டும் தங்கும். புதிய மொழியின் முழு எண் புலத்தில் 12345 அப்படியே பொருந்திவிடும். ‘பழைய நிரலில் இருந்த குறை நீங்கியது’ என்று மாற்றுபவர் மகிழக்கூடும். ஆனால் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பிரித்தெடுப்பதற்காகவே பழைய நிரலாளர் அவ்வாறு எழுதியிருப்பார். அக்கால நிரலாளரிடையே இது பரவலான உத்தி.

எழுத்துகளின் வரிசை

எண்களை விட்டு எழுத்துகளுக்கு வருவோம். ஐ.பி.எம். பெரும்பொறிகள் எப்சிடிக் என்னும் குறியீட்டு முறையைப் பின்பற்றுவன. இன்றைய பெரும்பாலான பொறிகள் ஆஸ்கி முறையையோ அதனை உள்ளடக்கிய யூனிகோடையோ பின்பற்றுவன. முன்னதில் ஆங்கில எழுத்துகள் முன்னும் இலக்கங்கள் பின்னும் வரும். பின்னதில் இலக்கங்கள் முன்னே, எழுத்துகள் பின்னே. ஆகவே எழுத்தில் தொடங்கும் கணக்கு எண்களும் இலக்கத்தில் தொடங்கும் கணக்கு எண்களும் கலந்த ஒரு கோப்பை வரிசைப்படுத்தினால், இரு பொறிகளிலும் இரு வேறு வரிசைகள் கிடைக்கும்.

பட்டியல் வேறு வரிசையில் அச்சாவது மட்டுமே விளைவு என்றால் கவலையில்லை. பழைய வணிக நிரல்களின் உயிர்நாடியே வரிசைதான். முதன்மைக் கோப்பும் அன்றைய வரவு செலவுக் கோப்பும் ஒரே வரிசையில் இருப்பதாகக் கொண்டு, இரண்டையும் அருகருகே படித்துப் பொருத்திச் செல்வதே காந்த நாடாக் காலத்து முறை. வரிசை மாறினால், இருக்கின்ற கணக்கையே இல்லை என்று நிரல் முடிவு செய்யும். வைப்புத் தொகையைத் திருப்பியனுப்பும். ஒரு வரியிலும் பிழை இராது. நிரலின் எந்த வரியிலும் எழுதப்படாத ஓர் அனுமானம் உடைந்ததே காரணமாகும்.

அறிவியல் நிரல்களில் இதற்கு இணையானவை உண்டு. ஃபோர்ட்ரானில் அணியின் முதல் உறுப்பு வழக்கமாக 1 என எண்ணப்படும், சி மொழியில் 0 என எண்ணப்படும். முன்னதில் அட்டவணை நெடுவரிசையாகவும் பின்னதில் கிடைவரிசையாகவும் நினைவகத்தில் அடுக்கப்படும். இவை நன்கு அறியப்பட்டவை. மாற்றிகளும் இவற்றைச் சரியாகவே கையாளுகின்றன. 1990-இல் பெல் ஆய்வகத்தார் வெளியிட்ட எஃப்-டூ-சி என்னும் மாற்றி, ஃபோர்ட்ரான் நிரல்களைச் சி மொழிக்குத் தானாகவே பெயர்த்தது. ஆனால் அது தந்த நிரலை மனிதர் படித்துப் பராமரிப்பது கடினம். அதன் நோக்கமும் அதுவன்று. ஃபோர்ட்ரான் தொகுப்பி இல்லாத பொறியிலும் அந்நிரலை இயக்குவதே நோக்கம்.

தாவல்களும் சிக்கலும்

பழைய நிரல்களைத் திறந்து பார்ப்போரை முதலில் அச்சுறுத்துவது ‘கோ டூ’ என்னும் ஆணை. இவ்விடத்தை விட்டு அவ்விடத்திற்குச் செல் என்பது அதன் பொருள். நூற்றுக்கணக்கான தாவல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். புதிய மொழிகள் பலவற்றில் இவ்வாணை இல்லை. எந்தத் தாவல் அமைப்பையும் வரிசை, தேர்வு, சுழற்சி ஆகிய மூன்றே அமைப்புகளால் எழுதிவிட முடியும் என்று போம், ஜகோப்பினி என்னும் இத்தாலிய அறிஞர்கள் 1966-இல் நிறுவினர். ஆகவே இயந்திர முறையில் மாற்றுவது இயலும். இயலுவதெல்லாம் நன்று என்று கூற முடியாது. தாவல்களுக்குப் பதிலாக எண்ணற்ற அடையாளக் கொடிகளை வைத்து, ஒரு கொடி ஏறினால் இதைச் செய், இறங்கினால் அதைச் செய் என்று மாற்றி எழுதினால், பழைய சிக்கல் புதிய உடை அணிந்து வந்து நிற்கும்.

கோபாலினின்று ஜாவாவுக்கு வரிக்கு வரி மாற்றப்பட்ட நிரல்களைத் தொழில் வட்டாரத்தில் கேலியாக ‘ஜோபால்’ என்பர். ஜாவா அறிந்த இளைஞருக்கு அது புரியாது. கோபால் அறிந்த முதியவருக்கும் அது புரியாது. நடைமுறையில் இத்தகைய மாற்றத்தால் பணம் செலவாகிறதே தவிர, பராமரிப்பின் சுமை குறைவதில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

2000-ஆம் ஆண்டின் பாடம்

நம் நாட்டு நிறுவனங்கள் இப்பணியைப் பெருமளவில் பயின்றது 1990-களின் பிற்பகுதியில். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் ஆண்டினை இரண்டு இலக்கங்களில் எழுதி வைத்தனர். 2000-ஆம் ஆண்டு பிறந்தால் அது 00 ஆகிவிடும். இதனால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். 1935-இல் பிறந்த ஒருவரின் வயதைக் கணக்கிட, 00-இலிருந்து 35-ஐக் கழித்தால் மைனஸ் 35. வயதுக்குரிய புலம் குறியற்றதாக வரையறுக்கப்பட்டிருந்தால், கோபால் குறியை நீக்கிவிட்டு 35 என்று பதிவு செய்யும். 1965-இல் பிறந்தவருக்கோ 65 என்று பதிவாகும். உண்மையில் முன்னவருக்கு வயது 65, பின்னவருக்கு 35. முதியவர் ஓய்வூதியத்தை இழப்பார். இளைஞர் ஓய்வு பெற வேண்டியவராவார். விடை அபத்தமாக இருந்தால் எவரேனும் கண்டுபிடிப்பர். இங்கே இரண்டும் நம்பத்தக்க வயதுகள்.

இதனைச் சீர்செய்வதற்கு ஆண்டுப் புலங்களை நான்கிலக்கமாக விரிப்பது முழுமையான வழி. 50-க்குக் குறைந்தவை இரண்டாயிரத்தைச் சேர்ந்தவை, ஏனையவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைச் சேர்ந்தவை என்பதுபோல் எல்லை வகுப்பது குறுக்கு வழி. அது எல்லை வந்து சேரும் ஆண்டுவரை கடனைத் தள்ளி வைப்பது மட்டுமே. இப்பணிக்கென நம் நிறுவனங்கள் நிரல்களைப் பிரித்து, மாற்றி, சோதித்துத் திருப்பியனுப்பும் தொழிற்சாலை முறை ஒன்றை உருவாக்கின. ஆய்வுக் கருவிகள் தேதியைத் தாங்கும் புலங்களைத் தேடிப் பட்டியலிட்டன. அப்புலங்கள் பலவற்றிற்குத் தேதியைக் குறிக்காத பெயர்கள் இடப்பட்டிருந்தமையால், பெயரை நம்பாது, தரவு எங்கிருந்து எங்குச் செல்கின்றது என்பதைத் தொடர்ந்து காணும் பயிற்சி இளம் பொறியாளர் பல்லாயிரவருக்குக் கிட்டியது.

மாற்றாமல் இருப்பதும் ஒரு வழி

மாற்றுவதா, புதிதாக எழுதுவதா, அப்படியே வைத்திருப்பதா என்னும் கேள்வி ஒவ்வொரு நிர்வாகத்தின் முன்னும் எழும். ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் தன் 360 வரிசைப் பொறிகளை அறிவித்தபோது, பழைய 1401 பொறியின் நிரல்களை அப்படியே இயக்கவல்ல போலிப்பொறி வசதியையும் அவற்றுட் சிலவற்றில் சேர்த்தது. வாடிக்கையாளர் நிரலை மாற்றவில்லை. புதிய பொறியே பழையதுபோல் நடித்தது. அவசரத்திற்கு இது நல்ல மருந்து. ஆனால் நிரலைத் திருத்த வேண்டி வரும்போது பழைய மொழி அறிந்தவரைத் தேட வேண்டும். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றினால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபால் அறிந்த தன்னார்வலர் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்கும் நிலை ஏற்பட்டது.

முற்றிலும் புதிதாக எழுதுவதற்கு நம் இரயில்வேயைக் கூறலாம். 1980-களின் இடையில் சி.எம்.சி. உருவாக்கிய இம்ப்ரெஸ் என்னும் முன்பதிவு முறை தில்லியில் தொடங்கியது. பின்னர் இரயில்வேயின் தகவல் அமைப்பு மையமான கிரிஸ் உருவாக்கிய கான்சர்ட் 1994-இல் செகந்திராபாத்தில் நடைமுறைக்கு வந்தது. 1999-இல் ஐந்து மையங்களும் ஒரே வலையில் இணைக்கப்பட்டன. ஒதுக்கீடுகள், காத்திருப்போர் பட்டியல், இரத்தானால் இடம் பெறும் பயணியர் என்று எத்தனையோ விதிகள் உண்டு. இவ்விதிகள் இரயில்வேயின் கையேடுகளிலும் ஊழியர்களின் நடைமுறையிலும் உயிரோடு இருப்பவை என்பதால் புதிதாக எழுதுவது அங்கே இயல்வதாகும். விதிகள் நிரலில் மட்டுமே வாழும் இடங்களில் இவ்வழி ஆபத்தானது.

இடைப்பட்ட வழி ஒன்றை நாட்டுப்புறத்தில் எவரும் பார்த்திருப்பர். பனைமரத்தின் மட்டையிடுக்கில் பறவை இட்ட ஆலம்வித்து முளைத்து, விழுதுவிட்டு, பனையைச் சுற்றி வளரும். பல்லாண்டுகள் இரண்டும் சேர்ந்தே நிற்கும். இறுதியில் ஆல் மட்டும் நிற்கும். பழைய நிரலைச் சுற்றிப் புதிய பகுதிகளை ஒவ்வொன்றாக வளர்த்து, வேலையைச் சிறிது சிறிதாக அவற்றிற்கு மாற்றுவதை மார்ட்டின் ஃபௌலர் என்னும் மென்பொருள் அறிஞர் 2004-இல் இதே போன்றதொரு மரத்தின் பெயரால் விளக்கினார். ஒரே நாளில் அனைத்தையும் மாற்றும் முறையினும் இது மெதுவானது. செலவும் சிறிது கூடும். ஆனால் பிழை நேர்ந்தால் ஒரு கிளையை மட்டும் பின்வாங்கலாம்.

வானிலைக் கணிப்பு நிரல்கள் பல இன்றும் ஃபோர்ட்ரானிலேயே இயங்குகின்றன. அம்மொழியும் புதிய தரங்களால் வளர்ந்து வருகின்றது. கணக்கும் விரைவாக நடைபெறுகின்றது. மொழி பழையது என்பது ஒன்றே மாற்றத்திற்குக் காரணமாகாது. மாறாக, சி மொழியினின்று ரஸ்ட் மொழிக்கு மாற்றும் இன்றைய முயற்சிகளுக்குத் தக்க காரணம் உண்டு. நினைவகத்தைத் தவறாகக் கையாளும் பிழைகளைச் சி மொழி தடுப்பதில்லை; தன் பாதுகாப்புக் குறைபாடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்வகையின என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019-இல் தெரிவித்தது. ரஸ்ட் மொழியின் தொகுப்பி இப்பிழைகளுட் பெரும்பாலானவற்றை நிரல் இயங்குமுன்னரே மறுத்துவிடும்.

இயந்திரம் பெயர்க்கும்போது

2020-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவா, பைத்தான் மொழிகளுக்கிடையே நிரல்களைத் தானே பெயர்க்கக் கற்ற டிரான்ஸ்கோடர் என்னும் அமைப்பை வெளியிட்டனர். 2023-இல் ஐ.பி.எம். கோபாலை ஜாவாவாக்க உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிவித்தது. 2024-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்ப்பா, சி நிரல்களை ரஸ்டுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது.

இக்கருவிகள் தரும் நிரல், வரிக்கு வரி மாற்றிய ஜோபாலைப் போலன்றி, அம்மொழியிலேயே பிறந்ததுபோல் சரளமாக இருக்கின்றது. அதுவே அதன் இடரும் ஆகும். பிழையான பெயர்ப்பும் அதே சரளத்துடன் வருகின்றது. மேலே கூறிய 73.66, 73.67 போன்ற வேறுபாடு அழகிய நிரலுள் அமைதியாக உறங்கும். எழுதும் உழைப்பு குறைந்துள்ளது உண்மை. சரிபார்க்கும் உழைப்பு குறையவில்லை. எவ்விரு நிரல்களும் எல்லா உள்ளீடுகளுக்கும் ஒரே விடையைத் தருமா என்று தீர்மானிக்கும் பொதுமுறை இருக்கவே இயலாது என்பது, 1936-இல் ஆலன் டூரிங் நிறுவிய முடிவினின்று பெறப்படும் உண்மை. குறிப்பிட்ட சில நிரல்களுக்கு நிறுவலாம். எல்லாவற்றிற்கும் ஒரே கருவி கிடையாது.

ஆகவே எஞ்சுவது சோதனையே. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒரே தரவின்மீது அருகருகே இயக்கி, விடைகளை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும் இணை ஓட்டமே இதுவரை கண்ட முறைகளுள் நம்பத்தக்கது. ஒரு நாள் ஓட்டம் போதாது. மாத இறுதி, காலாண்டு, மார்ச் 31 ஆண்டு முடிவு, பிப்ரவரி 29 ஆகியவை அதனுள் அடங்க வேண்டும். கண்ட வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். ‘சிறியது, விட்டுவிடலாம்’ என்னும் குறிப்பைப் பதிவேட்டில் எழுத அனுமதிக்கலாகாது.

இக்கட்டுரையாளர் பங்கு பெற்ற ஊதியப் பட்டியல் மாற்றம் ஒன்றில் இவ்வகைப் பதிவேடு ஒன்று இருந்தது. பழைய கோபால் நிரலின் நடுவே, மூன்று பணியாளர் எண்களைக் குறிப்பிட்டு, அவை வந்தால் வருங்கால வைப்பு நிதிப் பகுதியைத் தாண்டி வேறிடம் செல்லுமாறு ஒரு தாவல் இருந்தது. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. எவரோ சோதனைக்கு எழுதி அழிக்க மறந்தது என்று நாங்கள் முடிவு செய்து, அதனை விட்டுவிட்டு மாற்றினோம். முதல் மாத இணை ஓட்டத்தில் ஏனையோர் பட்டியல் அனைத்தும் பொருந்த, மூவர் பட்டியல் மட்டும் பொருந்தவில்லை.

அலுவலகத்தில் எவருக்கும் காரணம் தெரியவில்லை. ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவரைத் தேடிச் சென்று கேட்டோம். நிரல் வரியைப் பார்க்காமலே, எண்களைக் கேட்டவுடன் பெயர்களைச் சொன்னார். 1987-இல் மைய அரசுப் பணியாளர்கள் பங்களிப்பு வருங்கால வைப்பு நிதியினின்று ஓய்வூதியத் திட்டத்திற்கு மாற்றப்பட்டபோது, பழைய திட்டத்திலேயே தொடர விருப்பம் தெரிவித்தவர்கள் அம்மூவர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. மாதந்தோறும் நிர்வாகம் செலுத்தும் பங்குத்தொகையே முதுமைக்கு ஆதாரம். எங்கள் புதிய நிரல் அப்பங்குத்தொகையை நிறுத்திவிட்டு, அவர்களையும் பொது வைப்பு நிதியில் சேர்த்திருந்தது. இணை ஓட்டம் இன்றி அது நடைமுறைக்கு வந்திருந்தால், கையிற் பெறும் ஊதியத்தில் பெரிய மாற்றம் இராமையால் அம்மூவரும் ஓய்வு பெறும் நாள்வரை அதனைக் கண்டிருக்கமாட்டார்கள்.

பணியாளர் எண்களை மீண்டும் நிரலுக்குள் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம். விலக்குகளுக்கெனத் தனி அட்டவணை ஒன்றை அமைத்து, அதில் காரணத்திற்கும் ஆணையின் எண், தேதி ஆகியவற்றிற்கும் கட்டங்கள் வைத்தோம். அக்கட்டங்கள் நிரப்பப்படாமல் எந்த வரிசையையும் நிரல் ஏற்காதவாறு செய்தோம். பழைய ஆணையின் படியைப் பதிவறையில் தேடி எடுக்க நான்கு நாட்கள் ஆயின. மூவருள் கடைசியானவர் ஓய்வு பெற்று, அவருடைய நிதி முழுவதும் வழங்கப்பட்ட பின்னரே அவ்வட்டவணையின் கடைசி வரிசை நீக்கப்பட்டது.